அண்ணன் எழுதிப் போட்ட கடிதம்

எங்கள் அண்ணனுக்கு வேலை காற்றை அளப்பது. கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். தினமும் காலை ஏழு மணிக்கு எங்கள் தெருத் தபால் நிலையத்தின் மொட்டை மாடிக்குப் போய், அளவுக் கருவியிலிருந்து, காற்றின் அழுக்கு படிந்த பழைய வடிதாளை எடுத்துப் புதியதை வைப்பான். வெள்ளையாகப் போன தாள் கறுத்து வரும். அழுக்கு வரம்பைத் தாண்டினால் அன்றைக்குத் தெருவிலுள்ள பட்டறைகளை மூட வேண்டும் என்பது உத்தரவு. அந்த நாட்களில்தான் ஆஸ்துமாக்காரியான அண்ணி படுத்துத் தூங்குவாள். மற்ற நாட்களில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே கண்ணயர்வாள்.

நாடு வளர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, எங்கள் தெருவில் வேலையில்லாமல் ஒருவர்கூட இல்லை. ஒரு குடும்பம் இருந்த வீட்டில் ஐந்து குடும்பம், கீழே பிளாஸ்டிக் உருக்கும் பட்டறை. தபால் நிலையத்தைச் சுற்றி ஐந்து மாடி, ஆறு மாடி என்று எழும்பிவிட்டன. கருவி சுவரிலிருந்து இருபதடி தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. இப்போது நான்கடிகூட இல்லை. விதி என்றால் ஒரு நூல் பிசகாதவன் அண்ணன். இந்த இடம் அளப்பதற்குத் தகுதியற்றது என்று அவனே மேலிடத்துக்கு எழுதிப் போட்டான்.

மேலிடத்துக்கு வேறென்ன வேண்டும்? மறுவாரமே கருவி ஊருக்கு வெளியே நீர்த்தேக்கப் பூங்காவுக்குப் போனது. தாள் வெள்ளையாகவே திரும்பி வந்தது. இப்படி ஊருக்கு ஊர் இடம் மாறிய கருவிகளின் தயவில், நாடுகளின் சுற்றுச்சூழல் தரவரிசையில் பதினோரு படி ஏறிவிட்டோமாம். அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தார்கள். பட்டறைகள் ஒரு நாளும் மூடவில்லை.

"நீயா எழுதிக் குடுத்தே? உனக்குப் புத்தி இருக்காண்ணே?" என்று கத்தினேன்.

"விதிப்படி அது தப்பான இடம்மா."

"அண்ணிக்கு மூச்சு வாங்குறது உன் விதியில இருக்கா?"

சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவப் போனான். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

கருவியைத் திருப்பிக் கேட்டு மூன்று கடிதம் போட்டான். அதிகாரி கூப்பிட்டு, "உங்க லெட்டர்படிதானே சார் மாத்தினோம்?" என்றார்.

அண்ணி மூன்று மாதம்தான் தாங்கினாள்.

அவள் போன பத்தாம் நாள், பூங்காவிலிருந்து கருவியைத் தள்ளுவண்டியில் தானே ஏற்றி வந்து மொட்டை மாடியில் வைத்தான். வேலை போகும் என்று தெரியும். மறுநாள் தாள் கரியாக இருந்தது. அளவை அனுப்பினான். பட்டறைகள் மூடின.

மத்தியானம் மாடி வீட்டுப் பெண் வந்தாள்.

"எங்க மாமியார் மூணு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் படுத்துத் தூங்குறாங்கண்ணே."

அதோடு போயிருக்கலாம். மனதில் பட்டதைக் கேட்டுவிட்டாள்.

"இதை அக்கா இருக்கும்போதே செஞ்சிருக்கக் கூடாதா?"

சாவு வீட்டில்கூட அழாத அண்ணன், அவள் எதிரிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"செஞ்சிருக்கலாம்மா" என்று அழுதான்.