நன்றி சொன்ன பக்கம்

போன புதன்கிழமை பக்கத்து ஊர் லகாட்டிலிருந்து மேரி அக்கா போன் பண்ணினார். "தம்பி, வேன் லிஸ்ட்லேர்ந்து எங்கள எடுத்துட்டீங்களா?"

மலேசியாவில், எங்கள் ஈப்போவில் ஒரு சின்ன சங்கம். டயாலிசிஸ் நோயாளிகளை வேனில் கூட்டிப் போய், திரும்ப வீட்டில் விடுகிறது. வாராவாரம் இணையப் பக்கத்தில் பதிய வேண்டும். பக்கம் என் கைவேலை. பதிவு ஃபார்ம் மட்டும் வேறொரு தளத்துடையது. அதை என் பக்கத்துக்குள் ஒரு ஃப்ரேம் போட்டுக் காட்டுகிறேன். வீட்டுக்குள் ஒரு ரூமை வாடகைக்கு விட்ட மாதிரி... சாவி என்னிடம் கிடையாது.

கணவருக்காக அக்கா மூன்று வாரம் பதிந்திருக்கிறார். மூன்று வாரமும் வேன் வரவில்லை.

"பின்ன எப்படிக்கா போனீங்க?"

"மோட்டார் சைக்கிள்லதான், நானே ஓட்டி. வரும்போது அவருக்குத் தல சுத்தும் லா. கைலியால என் இடுப்போட சேத்துக் கட்டிக்குவேன்."

மறுநாள் நேரில் போனேன்.

"ஒரு தடவ என் முன்னாடி பண்ணுங்கக்கா."

பேர், முகவரி, நாள்... கடகடவென்று அடித்தார். கட்டைவிரலால் பக்கத்தைத் தள்ளினார். அடியில் பெரிய எழுத்தில் 'நன்றி'. "அவ்ளோதான் தம்பி. நன்றின்னு வந்துருச்சில்ல?" என்று போனைக் கீழே வைத்தார்.

அனுப்பும் பட்டன்? அது ஃப்ரேமுக்குள் அறுபட்டுக் கிடந்தது. என் பெரிய திரையில் தெரிந்தது, அவருடைய போனில் தெரியவில்லை. உள்ளே தனியாக ஒரு ஸ்க்ரோல் இருந்தது. "ரெண்டு ஸ்க்ரோலா? அசிங்கமா இருக்கு லா மச்சான்" என்று சங்கச் செயலாளர் சொன்னதால் மூன்று வாரத்துக்கு முன் அதை அடைத்தவன் நான். ஃப்ரேமுக்கு வெளியே, அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் தெரிகிற மாதிரி, சும்மா மரியாதைக்கு அந்த 'நன்றி'யைப் போட்டவனும் நான். மற்றவர்களுக்குப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் பதிந்து கொடுக்கிறார்கள். அக்காவுக்கு யார்?

"முதல் வாரமே கேட்டிருக்கலாமேக்கா?"

"கேட்டா தொந்தரவுன்னு ஒரேயடியா பேர வெட்டிட்டா?"

இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்து என்ன கிழித்தேன்? அலுத்துப்போய்விட்டது.

ஸ்க்ரிப்ட் எழுதி ஃபார்மின் உயரத்தை அளக்கலாமே என்பீர்கள். அடுத்தவர் தளத்துக்குள் எட்டிப் பார்க்க பிரவுசர் விடாது. உள்ளே இருக்கிற பக்கம் தானாக உயரத்தைச் சொன்னால்தான் உண்டு. இதுவோ வாயே திறக்காத ரகம். அங்கேயே உட்கார்ந்து ஃப்ரேமின் உயரத்தை இரண்டு மடங்காக்கினேன். பட்டன் தெரிந்தது. அக்கா மறுபடி எல்லாம் அடித்து, அழுத்தினார். லிஸ்ட்டில் பேர் விழுந்தது.

சாயங்காலமே செயலாளர் போன். "என்ன மச்சான், கீழ இவ்ளோ காலி எடம்?"

"இருக்கட்டும் மச்சான்" என்றேன்.

'நன்றி'யை மட்டும் எடுத்துவிட்டேன். முதலில் வேன் வந்து அக்கா வாசலில் நிற்கட்டும் — மரியாதையெல்லாம் அப்புறம்.