நாவற்குடாவில் முடிந்த படம்

அந்தப் படத்தின் முடிவு எனக்குத் தெரியும். இப்படிச் சொன்னால் உலகப் படம் பார்க்கிற நண்பர்கள் சிரிக்கிறார்கள். அதற்கு முடிவென்று ஒன்று கிடையாதாம். பார்க்கிறவர் தானாகவே விளங்கிக்கொள்ள வேண்டுமாம். அதுதான் அதன் பெருமையாம். அந்த விண்வெளிப் படத்தின்மேல் பைத்தியமாக அலையும் ஒரு கூட்டம் ஊர் ஊராக இருக்கிறது. கூடிக் கூடிப் பார்க்கிறார்கள், கடைசிக் காட்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எழுதட்டும். சண்டைக் காலத்தில், எங்கள் ஊரான நாவற்குடாவின் ஒரு பாலர் பாடசாலை மண்டபத்தில் நாங்கள் அந்தப் படத்தை முடித்துவைத்துவிட்டோம்.

அப்போது எனக்குப் படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிருந்தேன், எப்போது கூப்பிடுவார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பொழுதைப் போக்கினேன். புளியந்தீவு நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையில்தான் அந்தப் படத்தைப் பற்றி வாசித்தேன். ஒரு பெண், வானத்தின் எங்கோ ஒரு மூலையிலிருந்து வருகிற சத்தத்தைத் தேடித் தன்னந்தனியாக விண்கலத்தில் போகிறாள். முடிவைப் பார்த்துவிட்டுத் தனக்குக் கதிரையை விட்டு எழும்ப மனம் வரவில்லை என்று கட்டுரைக்காரர் எழுதியிருந்தார். பொழுது பட்டால் ஊரடங்கு, விடிந்தால் சுற்றிவளைப்பு என்று அடைந்து கிடந்த எனக்கு அது போதும். லண்டனில் இருந்த அண்ணனைக் கேட்டுக் கேட்டுக் கரைச்சல் கொடுத்தேன். தாங்க முடியாமல், ஊருக்கு வந்த ஒருவரிடம் அந்தப் படத்தின் வீடியோக் கசெற்றைக் கொடுத்துவிட்டார்.

அதை வாங்கிக்கொண்டு வரும்போது கல்லடிப் பாலத்தடிச் சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உறையில் கறுப்பு வானமும் ஒரு வெள்ளைப் புள்ளியும் மட்டும்தான். "சண்டைப் படமா?" என்று தெரிந்த தமிழில் கேட்டான். இல்லை என்றேன். முகம் சுருங்கித் திருப்பித் தந்தான். எங்கள் தெரு இளவட்டப் பெடியன்களின் முகமும் அப்படித்தான் சுருங்கப் போகிறது என்று அப்போது நான் நினைக்கவில்லை.

கரண்ட் இல்லாத மாதங்கள் அவை. கோயில் சடங்கு முடிந்த கிழமையில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ரீவி, கசெற் போடுகிற டெக், ஜெனரேற்றர் எல்லாம் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். ஊரடங்குக்குப் பயந்து எல்லாம் பட்டப்பகலில்தான். யன்னல்களில் நெல்லுச் சாக்கைத் தொங்கவிட்டு மண்டபத்தை இருட்டாக்குவோம். என்ன படம் என்று தீர்மானிப்பது பெடியன்கள். அவர்களுக்கெல்லாம் பெரியவர் என் மச்சான், மாமாவின் மகன். மூன்று படம் போட்டால் மூன்றிலும் அடிதடி. பெண்கள் நாங்கள் சாக்குத் தைக்கலாம், தேத்தண்ணி ஊற்றலாம். படம் கேட்கக் கூடாது. அதுதான் எனக்கு எரிச்சல்.

கசெற்றைக் கொண்டுபோய் மச்சானிடம் நீட்டினேன்.

"சண்டை இல்லாத படத்த ஆரு மச்சாள் பாக்கிற? அரைவாசியில சனம் எழும்பிப் போயிரும்," என்றார்.

"எழும்பாட்டி?"

"கடைசி மட்டும் எல்லாரும் இரிந்து நல்ல படமெண்டு சொன்னா, இனி டெக் எடுக்கிற நேரமெல்லாம் ஒரு படம் பொம்பிளயள்ர விருப்பம். இல்லாட்டி இந்தக் கதைய இதோட விட்டிரணும். சரியா?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டு மாமி குறுக்கே வந்தார். "ஓமெண்டு சொல்லு புள்ள. நாங்க இரிப்பம்."

மாமி எங்கள் மாதர் சங்கத் தலைவி. அவர் இருப்பம் என்றால் ஒழுங்கையே இருக்கும். ஆனால் அந்த நாட்களில் அவருக்குப் படத்தில் ஒன்றும் மனமில்லை. ஒரே மகனை ஏஜென்சிக்காரனோடு வெளிநாட்டுக்கு அனுப்பி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. வழியில் ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒருமுறை பேசினான். பிறகு சத்தமே இல்லை. புளியந்தீவில், வெளிநாட்டுக்குப் பேசுகிற கொமியூனிகேஷன் கடை ஒன்றின் இலக்கம்தான் அவனிடம் இருந்தது. மாமி சனிக்கிழமை தோறும் பாலம் கடந்து போய் அந்தக் கடைக் கதிரையில் இருந்துவிட்டு வருவார். வந்து ஒன்றும் சொல்ல மாட்டார். நாங்களும் கேட்க மாட்டோம்.

படத்தை முன்கூட்டிப் பார்க்க எனக்கு வழியில்லை. கரண்ட் இல்லை, டெக் இல்லை. ஆகவே அன்று மண்டபத்தில் முதல் தடவையாகப் பார்த்துப் பார்த்தே, ரீவிக்குப் பக்கத்தில் நின்று கத்திக் கத்தித் தமிழில் சொன்னேன். வெளியில் ஜெனரேற்றர் இரைந்தது. முன்வரிசையில் மாமியும் மற்றப் பெண்களும் கால் நீட்டி இருந்தார்கள். பின்னால் பெடியன்கள், எழும்புவதற்குத் தயாராகக் குந்திக்கொண்டு.

யாரும் எழும்பவில்லை! இன்றைக்கும் நினைத்தால் எனக்குத் தோள் உயர்கிறது. அந்தப் படத்தில் ஓட்டமில்லை, அடிதடியில்லை. ஒருத்தி கலத்துக்குள் தனியே இருக்கிறாள், சாப்பிடுகிறாள், சீப்பால் தலை இழுக்கிறாள், அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்கிறாள். விட்டு விட்டு ஒலிக்கிற ஒரு சத்தம். பூமியிலிருந்து வந்த பேச்செல்லாம் நின்றுபோகிறது. திரும்பி வா என்று சொல்வதற்கும் ஆளில்லை. எங்கள் பெண்கள் அவளுக்காகத் தவித்துப் போனார்கள். "தனியப் போறாளே, காய்ச்சல் வந்தா என்னகா செய்வாள்?" என்று ஒருவர். "அந்தப் பைக்கற்றுச் சாப்பாடு எத்தின நாளைக்குக் காணும்?" என்று இன்னொருவர். பிறகு என்பதை எங்கள் பக்கம் மறுகா என்போம். நான் மூச்செடுக்க நிறுத்தினால் போதும், "மறுகா? மறுகா?" என்று முன்வரிசை முழுவதும் கேட்டது. பெடியன்களும் மெல்ல மெல்லக் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

கடைசியில் கலம் ஒரு இடத்தில் இறங்குகிறது. அவள் ஒரு கதவைத் திறக்கிறாள். உள்ளே வெள்ளைச் சுவருள்ள ஓர் அறை. நடுவில் மேசை, மேசையில் ரெலிபோன். இவ்வளவு தூரம் தேடிவந்த சத்தம் அந்த ரெலிபோன் மணிதான். ஒரு மூலையில் அவளே கிழவியாக இருக்கிறாள். மேசைக்குக் கீழே அவளே சின்னப் பிள்ளையாக விளையாடுகிறாள். அவள் போய் ரிசீவரைக் கையில் எடுக்கிறாள். காதில் வைக்கிறாள். படம் வெள்ளையாகிறது. ஆட்களின் பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன.

"கசெற் பிழைச்சிட்டு," என்றார் மச்சான். பாவம், அவரும் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். டெக்கைத் திறந்து, துணியை ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணியில் நனைத்து உள்ளே துடைத்தார். மண்டபம் முழுவதும் கலியாண வீடுபோல மணந்தது. திருப்பிப் போட்டோம். ரெலிபோன், கிழவி, பிள்ளை, வெள்ளை, பெயர்கள். மறுபடி துடைத்தோம். மறுபடியும் அதேதான். கசெற்றில் ஒரு பிழையும் இல்லை, எடுத்தவர்கள் அப்படித்தான் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று விளங்கியபோது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. ஏமாற்றிவிட்டார்கள். இத்தனை காலம் ஆசைகாட்டி, அண்ணனைக் கரைச்சல்படுத்தி, பாலத்தடியில் விளக்கம் சொல்லிக் கொண்டுவந்தது இந்த வெள்ளைத் திரைக்கா? ரீவியைத் தூக்கி வாவியில் எறிந்திருப்பேன், வாடகை ரீவி என்பதால் விட்டேன்.

பின்னால் இருந்து சிரிப்பு வந்தது. "போன்ல ஆரு மச்சாள்? கடைக்காரனா?" என்றார் மச்சான். "சரி, எழும்புங்க. அடுத்த படம் போடுவம்."

முன்வரிசை அசையவில்லை. மாமி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ஒத்தரும் எழும்பப்படா. சூட்டோட விட்டிட்டுப் போறயா? குளிர்த்தி பாடாமச் சடங்கு முடியிறயா?"

எங்கள் பக்கத்து அம்மன் கோயில்களில் சடங்கு நாட்களில் அம்மன் கதை படிப்பார்கள். நியாயம் கேட்டுப் போய் ஊரையே எரித்த கதை. எரித்த இடத்தோடு ஏட்டை மூடிவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அம்மனின் கோபம் தணியக் குளிர்த்தி பாடிக் குரவையிட்ட பிறகுதான் சனம் கலையும். கதை சூட்டோடு நின்றால் கேட்டவர்களுக்கு ஆகாது. முந்தின கிழமைதான் அந்தக் குளிர்த்தி முடிந்திருந்தது. பெண்கள் எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். பெடியன்களும் திரும்பக் குந்தினார்கள், அவர்களும் அதே கோயில் பிள்ளைகள்தானே.

"நீதானே சொல்லிக்கொண்டு வந்த நீ," என்றார் மாமி என்னிடம். "சொல்லி முடி. போன்ல ஆரு?"

அப்போதுதான் அவருடைய கையைப் பார்த்தேன். சேலைத் தலைப்பை விரலில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார். அந்த மணிச் சத்தத்தை அந்த மண்டபத்தில் வேறு யாரும் அவரைப்போலக் கேட்டிருக்க முடியாது. மகன் பேசுகிறான் என்று சொல்லலாமா? அது பொய், அதுவும் கொடுமையான பொய். அடுத்த சனிக்கிழமையும் அவர் போய் வெறுங்கையோடு வருவார். ஒருவரும் பேசவில்லை என்று சொல்லலாமா? அதைவிட வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"மச்சான், மணி அடிக்கிற இடத்தில இரிந்து போடுங்க," என்றேன்.

போட்டார். கதவு திறந்தது. மணி அடித்தது. நான் சொல்லத் தொடங்கினேன். இந்த முறை எதையும் மொழிபெயர்க்கவில்லை.

"போன்ல அவட அம்மா. இவள் வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாளில இரிந்து அம்மா போன் அடிச்சுக்கொண்டே இரிக்கா. வானம் முழுக்கக் கேட்ட சத்தம் அதுதான். இவளுக்கு அது அம்மாட மணியெண்டு தெரியா, என்னவோ ஏதோ எண்டு தேடி வாறாள். ஆரும் எடுக்கல்லயெண்டு அம்மா ஒரு நாளும் வைக்கல்ல."

"அந்த மூலையில இரிக்கிற கிழவி ஆருகா?" என்று ஒரு குரல்.

"எடுக்காம விட்டிருந்தா இவள் அப்பிடித்தான் கிழடாகி இரிந்திருப்பாள்."

"புள்ள?"

"அம்மாட கண்ணுக்குள்ள இவள் இன்னும் அந்தப் புள்ளதான்."

திரையில் அவள் கை ரிசீவரை நோக்கிப் போனது. "எடுத்திட்டாள்!" என்று கத்தினேன். திரை வெள்ளையானது. அந்த வெள்ளை இப்போது யாரையும் ஏமாற்றவில்லை.

மாமி எழும்பினார். நாக்கைச் சுழற்றி ஒரு குரவை விட்டார் பாருங்கள்! அடுத்த நிமிடம் முன்வரிசை முழுவதும் குரவை. ஜெனரேற்றர் சத்தம் அதற்குள் அமுங்கிப் போனது. பெடியன்கள் விசிலடித்தார்கள். ஓடிக்கொலோன் மணக்கிற துணியைத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு, "நல்ல படம் மச்சாள், நல்ல படம்!" என்று மச்சான்தான் எல்லோரிலும் பெரிதாகக் கத்தினார். அதற்குப் பிறகு டெக் எடுத்த போதெல்லாம் ஒரு படம் எங்கள் விருப்பம். அந்தச் சட்டத்தை ஒருவரும் மீறவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் மாமி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "வா புள்ள, போவம். இவ்வளவு நாளும் அவன் எடுப்பான் எடுப்பானெண்டு கதிரையில குந்திக்கொண்டிரிந்த நான். இனி நான் அடிக்கப்போறன். உனக்கு இங்கிலீசு தெரியுந்தானே."

அடித்தோம். அண்ணனுக்கு அடித்தோம், அண்ணன் சொன்னவர்களுக்கு அடித்தோம், அவர்கள் சொன்ன கோயிலுக்கும் அகதிகளுக்கு உதவும் ஆட்களுக்கும் அடித்தோம். தெரியாது என்றவர்களிடம் தெரிந்தவரைக் கேட்டோம். வாரக்கணக்கில் அதுதான் எங்கள் வேலை. கடைசியில் ஏதோ ஒரு நாட்டு எல்லையோரத்தில், பாதையில் பிடிபட்ட ஆட்களை வைத்திருக்கும் ஒரு முகாமின் இலக்கம் கிடைத்தது. கடையில் பெண்கள் நிறைந்திருந்தார்கள், எல்லோரும் தங்கள் தங்கள் அழைப்புக்காகக் காத்திருப்பவர்கள். ரிசீவரை மாமியின் காதுக்கும் என் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டோம். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள், விளங்காத பாஷையில் ஏதோ கேட்டார்கள். மாமி விளங்கினதுபோல மகனின் பெயரைச் சொன்னார். காலடிச் சத்தங்கள், கதவுச் சத்தம். பிறகு, "அம்மா?" என்று ஒரு குரல்.

மாமி அவனுக்குப் பதில் சொல்லவில்லை. கடைப்பக்கம் திரும்பி, "எடுத்திட்டான்!" என்று கத்திவிட்டுக் குரவை விட்டார். ஆமிக்காரன் வந்துவிடுவான் என்று முதலாளி கதவைச் சாத்த ஓடினார். காத்திருந்த பெண்கள் எல்லோரும் கூடக் குரவை விட்டார்கள். அந்தப் படத்தின் முடிவு இதுதான், யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லுவேன்.