எல்லைக் கல்லும் எங்கள் சோளமும்

அறுபதுகளின் நடுவில் நடந்தது. கல்யாணமாகி, கோயமுத்தூருக்கு மேற்கே கேரள எல்லையை ஒட்டின ஊருக்கு வந்திருந்தேன். ஊர்க்கோடியில் பெரிய வெறும்பாறை. அதுதான் எங்களுக்குக் களம். மாநிலம் பிரித்தபோது எல்லைக் கல்லை அந்தப் பாறை நடுவிலேயே நட்டுவிட்டார்கள். காயப்போடுகிறவர்களுக்குக் கல்லாவது, மண்ணாவது! அந்தப் பக்கத்துக்காரர்கள் நெல்லை, நாங்கள் சோளத்தை, இடம் கிடைத்த பக்கம் பரப்பிக்கொள்வோம்.

அந்தச் சித்திரையில் எங்கள் வருஷச் சாப்பாட்டுச் சோளம் முழுக்கப் பாறையில் கிடந்தது. வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருந்தார். தானியம் மாநிலம் விட்டு மாநிலம் போகக்கூடாதென்று கெடுபிடியான காலம். புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் பாறையடியில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, பாதிச் சோளம் கேரளாவுல கெடக்குது. ஏட்டய்யா வந்து பாக்கற வரைக்கும் தொடக்கூடாதுங்க."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அந்தப் பக்கத்துக் காக்கா தின்னுபோட்டா அதையும் புடிச்சு உள்ள வெப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மனுஷன் முகம் கறுத்துப்போனது.

அதற்குள் பாலக்காட்டுப் பக்கமிருந்து மழை இருட்டிக்கொண்டு வந்தது. நனைந்தால் முளைவிட்டுப் போகும், வருஷம் முழுக்க என்னத்தைத் தின்பது? தொட்டால் கடத்தல் கேஸ். கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

கல்லுக்கு அந்தப் பக்கம் தன் நெல்லை வாரிக்கொண்டிருந்த மலையாளத்துக்காரி, அதை அப்படியே போட்டுவிட்டுச் சீமாறோடு ஓடிவந்தாள். "மழ வருந்நு, வேகம் வா!" என்று எங்கள் சோளத்தை இந்தப் பக்கம் கூட்டித் தள்ள ஆரம்பித்துவிட்டாள்.

போச்சுடா, இரண்டு பேரையும் பிடிக்கப் போகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். போலீஸ்காரர் குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். களத்தில் செருப்புக்காலோடு ஏற எங்கள் பக்கம் யாருக்கும் மனசு வராது. அவரும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான் போல. வெறுங்காலோடு ஏறிவந்து, "சாக்கப் புடிங்க அம்மணி. ஏட்டய்யா கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றார்.

மூன்று பேருமாக அள்ளி, பாறையை ஒட்டியிருந்த எங்கள் சாளைக் கொட்டகைக்குள் கொட்டிவிட்டு, அவள் நெல்லையும் வாரினோம். அதற்காக அவர் கல்லைத் தாண்டி கேரளாவுக்குள் போனதை நான் பார்த்தேன்; ஆனால் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை! கடைசி மூட்டை உள்ளே போகவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

அந்த வருஷம் சோளச்சோறு ஆக்கின நாளெல்லாம் அந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் காக்கிச்சட்டை போட்ட யார் வாசலுக்கு வந்தாலும், முதலில் ஒரு சொம்பு மோரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் என்ன சேதி என்று கேட்கிறேன்.