காலியாக வந்த மூன்று கட்டங்கள்

ஆராய்ச்சி நிலையத்தில் அவரை எல்லோரும் 'ஈயம்மா' என்றுதான் சொல்வார்கள். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால், பழ ஈக்களைப் பாட்டிலில் வளர்த்து, எதற்குச் சிவப்புக் கண், எதற்கு வெள்ளைக் கண் என்று எண்ணி வேலையைத் தொடங்கியவர். "தங்கச்சி ஆபீஸ்ல ஈ ஓட்டுறான்னு சொன்னா, நான் பொய் சொல்றேன்னு யாரும் சொல்ல முடியாது" என்று அவருடைய அண்ணன் சொந்தக்காரர்களிடம் கேலி செய்வார்.

அந்த ஈக்கள்தான் அவரைத் தூக்கிவிட்டன. எந்தக் குணம் எத்தனை தலைமுறையில் பரவும் என்று கணிக்கக் கற்றவருக்கு, எந்த நோய் எத்தனை நாளில் எந்தத் தெருவுக்குப் போகும் என்று கணிப்பதும் கைவந்தது. கணினியில் அவர் போட்ட கணக்கை நம்பித்தான் சுகாதார அலுவலகம் தடுப்பூசியைப் பங்கிட்டது. ஆனால் ஈக்கூடத்துப் பழக்கம் ஒன்றும் கையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பாட்டிலில் வெள்ளைக் கண் ஈ ஒன்றுகூட இல்லையென்றால் அங்கே யாரும் மெனக்கெட்டுப் பூஜ்யம் எழுதுவதில்லை. கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். காலி என்றால் இல்லை என்று அர்த்தம்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் தட்டம்மை பரவியபோது, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வாராவாரம் எண்ணிக்கை வந்தது. ஆற்றங்கரைப் பகுதியின் கட்டம் மட்டும் மூன்று வாரம் காலியாகவே வந்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கை தன்பாட்டுக்கு மூன்று பூஜ்யங்களைப் போட்டது. அங்கே நோயே இல்லை என்று கணினி அடித்துச் சொன்னது, ஊசியெல்லாம் வேறு பகுதிகளுக்குப் போயின.

இரண்டு மாதம் கழித்து மருத்துவமனை அறிக்கை வந்தபோதுதான் ஈயம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. ஆற்றங்கரையில் இருந்தது ஒரே ஒரு நர்ஸ். கட்டில் போதாமல் தரையெல்லாம் பிள்ளைகள். தாளை நிரப்ப அவருக்கு நேரம் இல்லை. ஒரு சிறுமிக்கு இரண்டு காதும் கேட்காமல் போயிருந்தது. ஈயம்மா அந்தக் கணக்கைப் பற்றித் தான் எழுதியிருந்த கட்டுரையின் மறுபதிப்பில் 'தரவில் சிறு திருத்தம்' என்று ஒரு வரி சேர்த்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று அன்றைக்கு மூச்சு விட்டதை நினைத்தால் இப்போதும் அவருக்கு உடம்பு கூசும்.

பணி ஓய்வு விழாவன்று, கூட்டம் சேருவதற்கு முன்னால், நரைத்த தலையோடு ஒரு பெண் தயங்கித் தயங்கி அவரிடம் வந்தார்.

"நான் ஆத்தங்கரை நர்ஸும்மா. அந்தத் தாளை மட்டும் நிரப்பி அனுப்பியிருந்தா உங்க கணக்கு எங்களுக்கும் ஊசி குடுத்திருக்கும். என்னாலதான் எல்லாம். இத்தனை வருஷமா உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

ஈயம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்கம்மா. பழைய கதை."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. தப்பே செய்யாதவரை மன்னித்திருக்கிறார்!

மேடையில் இயக்குநர், "இவங்க கணக்கு ஒரு தடவைகூடத் தப்பினதில்லை" என்றார். முன்வரிசையில் அண்ணன் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். நர்ஸும் தட்டினார். அதைப் பார்த்த பிறகு ஈயம்மாவுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து மைக்கைப் பிடித்து, காலிக் கட்டத்தையும் பூஜ்யத்தையும் அந்த ஒற்றை வரித் திருத்தத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஈயம்மா மேடையிலிருந்து இறங்கி நேராக நர்ஸிடம் போனார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார் நர்ஸ்.

"ரெண்டாவது மாசமே."

நர்ஸ் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஆறு வருஷமா, காது கேக்காமப் போன அந்தப் பொண்ணு வீட்டுக்கு வாராவாரம் போறேன். அவங்க அம்மா முகத்தைப் பார்க்க முடியாம வாசல்லயே நிப்பேன். நீங்க ஒரு நாளாவது கூட வந்து நின்னிருக்கலாமேம்மா."