ஆட்டுத் திருட்டைப் பற்றி நான் எழுதாத வரி

என் முதல் ஆய்வுக் கட்டுரை ஒரு குற்றவியல் ஆய்விதழில் வெளிவந்த அன்று, அருப்புக்கோட்டையில் நான் கௌரவ விரிவுரையாளராக வேலை பார்க்கும் கல்லூரியில் எல்லோரும் கைகொடுத்தார்கள். துறைத் தலைவர் என் போட்டோவை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கட்டுரையை யாரும் படிக்கவில்லை. நான் படித்தேன். முடிவுரைக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

கட்டுரை ஆட்டுத் திருட்டு பற்றியது. எங்கள் பக்கம் மானாவாரி பூமி. மழை ஏமாற்றிய வருடங்களில் ஆட்டை விற்றுத்தான் அரிசி வாங்குவார்கள். அந்த ஆடு களவு போனாலும் பலர் போலீசுக்குப் போவதில்லை. ஏன் போவதில்லை என்பதுதான் என் கேள்வி. பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு இதை எடுத்தபோது மதுரையில் இருந்த என் கைடு சிரித்தார். "சைபர் கிரைம் எடுத்திருந்தா கான்பரன்ஸுக்காவது கூப்பிடுவாங்கம்மா" என்றார்.

திருச்சுழி போகிற வழியில் உள்ள ஊரில் ஒரு அக்காவைச் சந்தித்தேன். புருஷன் இறந்தபின் ஆடு வளர்த்துப் பிழைத்தவர். பட்டியில் அடைத்திருந்த ஆடுகளை எவனோ வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மற்றவர்களைப் போல வீட்டில் உட்காராமல் அவர் ஸ்டேஷனுக்குப் போனார். ஆட்டுக்குப் போட்டோ இருக்கிறதா, உன் ஆடுதான் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டு அலையவிட்டிருக்கிறார்கள். கடைசியில் புகாருக்கு ரசீது தருகிறோம் என்று சொல்லி ஒரு வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆடுகள் மேயப்போன இடத்தில் தவறிவிட்டன, மேல் நடவடிக்கை வேண்டாம் என்று அதில் எழுதிக்கொண்டது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

"களவாண்டவன நான் பாக்கவே இல்ல டீச்சரு. என்னய வெயில்ல நிக்க வச்சவுகளத்தான் பாத்தேன்" என்றார்.

அந்தப் பேச்சைச் சுற்றித்தான் கட்டுரையை எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினால்தான் போடுவார்கள் என்பதால் அவருடைய வார்த்தைகளை எப்படியெல்லாமோ ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். கைடு அதைத் திருத்தி, 'தகவலாளி அதிருப்தி தெரிவித்தார்' என்று பொருள்படும்படி ஒரே வரியில் முடித்துவிட்டார். சண்டை போட்டுத்தான் பழையபடி வைத்தேன். ஆனால் தொடர்பு ஆசிரியராகத் தன் பெயரையே கொடுத்தார். அதுதான் வழக்கம் என்றார். இதழோடு நடக்கும் எல்லாப் பேச்சுவார்த்தையும் அவர் மூலமாகத்தான் என்பது அதற்கு அர்த்தம். அன்று எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

அனுப்பினோம். மேற்கோள் பட்டியல் அவர்கள் முறைப்படி இல்லை என்று திரும்பி வந்தது. சரிசெய்தேன். அட்டவணைகள் தனிக் கோப்பாக வேண்டும் என்று மறுபடி வந்தது. அதையும் செய்தேன். மாதங்கள் கழித்து, இதழுக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்த்த மதிப்பீட்டாளரின் குறிப்பு வந்தது. நேர்காணல் கொடுத்தவர் எழுத்து மூலம் ஒப்புதல் தந்திருக்க வேண்டும் என்றிருந்தது. அவர் சம்மதித்துப் பேசிய குரல் பதிவு இருக்கிறது என்று கைடை எழுதச் சொன்னேன். எழுத்தில்தான் வேண்டும் என்று பதில் வந்தது.

படிவத்தைத் தமிழில் டைப் செய்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த அக்கா தாளைத் தொடவே இல்லை.

"நான் சொன்னத எல்லாம் எழுதிக்கிருங்க டீச்சரு. கையெழுத்து மட்டும் கேக்காதீக."

"இது வேற தாளுக்கா. படிச்சுக் காட்டுறேன்."

"அவுகளும் அப்பிடித்தான் சொன்னாக."

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கைடுக்குப் போன் செய்தேன்.

"நீயே ஒரு கையெழுத்தப் போட்டு அனுப்பும்மா. யாரு வந்து பாக்கப் போறா?"

"முடியாது சார்."

"அப்ப அந்தப் பகுதிய எடுத்துருவோம்."

"அத எடுத்தா கட்டுரையில ஒண்ணுமே இல்ல சார்."

"எங்கிட்ட விடு" என்று வைத்துவிட்டார்.

திருத்திய பிரதியை அவர் எனக்கு அனுப்பவே இல்லை. இரண்டு தடவை கேட்டேன், அனுப்புகிறேன் என்றார். அச்சில்தான் பார்த்தேன். அந்த அக்கா இல்லை, ஸ்டேஷன் இல்லை, வெற்றுத்தாள் இல்லை. கிராமத்து மக்களிடம் சட்ட விழிப்புணர்வு இல்லாததே புகார்கள் வராததற்குக் காரணம் என்று முடிவுரையில் இருந்தது. முதல் பெயர் என் பெயர்.

கைடிடம் கேட்டதற்கு, "மதிப்பீட்டாளர் எதிர்பார்த்தது அதான். உனக்கு ஒரு பப்ளிகேஷன் கிடைச்சுதுல்ல?" என்றார். இதழுக்கே எழுதினேன். தொடர்பு ஆசிரியர் கேட்டால்தான் திருத்தம் பரிசீலிக்கப்படும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

சில வாரங்கள் கழித்து அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். தவிட்டு மூட்டையோடு நின்றார். நான் ஒதுங்கிப் போயிருக்கலாம். அவரே கூப்பிட்டார்.

"நீங்க எழுதுனது வந்துருச்சா டீச்சரு?"

"வந்துருச்சுக்கா."

"என்ன போட்டிருக்கு?"

மழுப்பத் தோன்றவில்லை. "நம்ம சனங்களுக்கு வெவரம் பத்தல, அதனாலதான் புகார் குடுக்கப் போறதில்லன்னு போட்டிருக்குக்கா."

அவர் மூட்டையைக் கீழே இறக்கி வைத்தார். "நான்தான் போனேனே" என்றார்.

"அந்த வரிய நான் எழுதலக்கா."

"பேரு உங்க பேருதான?"

ஆமாம் என்றேன். பஸ் வந்தது. மூட்டையைத் தூக்கக் கை கொடுத்தேன். "இருக்கட்டும்" என்று தானே தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

இப்போது ஆய்வேட்டை முடித்துக்கொண்டிருக்கிறேன். கைடு கையெழுத்துப் போட வேண்டும்; வெளியான கட்டுரையையும் பின்னிணைப்பாக வைத்தால்தான் பல்கலைக்கழகத்தில் வாங்குவார்கள். வைத்திருக்கிறேன். அதன் முடிவு தவறு, ஏன் தவறு என்று உள்ளே ஓர் அத்தியாயம் முழுக்க எழுதியும் இருக்கிறேன். அந்த அத்தியாயத்தை அனுப்பியதிலிருந்து கைடு என் போனை எடுப்பதில்லை.