இரண்டு அந்தோனியார்களும் மாமாவின் ஒரு நேர்த்தியும்

மாமாவின் தாடி நெஞ்சுவரை இறங்கியிருந்தது. கறுப்பும் செம்பட்டையும் கலந்து, உப்புக் காற்றில் முறுகி, எவ்வளவு தேங்காயெண்ணெய் வைத்தாலும் படியாத தாடி. கடலால் வந்து வலை உதறும்போது மீன் செதில்கள் அதற்குள் ஒட்டிக்கொண்டு மினுங்கும். சாப்பிட உட்கார்ந்தால் இடது கையால் அதை ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டுதான் சோற்றை வாய்க்குக் கொண்டுபோவார். மாமிக்கு அதைக் கண்டாலே எரிச்சல். ஆனால் வெட்டச் சொல்லி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை, ஏனென்றால் அது வேண்டுதலுக்கு விட்ட நேர்த்தித் தாடி.

மாமா என்று நான் சொல்வது என் அம்மாவின் தம்பியை. மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயில் அவருக்குக் கடல் தொழில். கலியாணம் முடித்துப் பல வருடங்களாகப் பிள்ளை இல்லை. மாமி ஏறாத கோயில் இல்லை. மாமா அலட்டிக்கொள்ளாதவர் போலத் திரிந்தார். ஆனால் ஒருநாள் கடலில் தனியாக நின்றபோது அந்தோனியாரிடம் ஒரு நேர்த்தி வைத்துவிட்டார். பிள்ளை ஒன்று கிடைத்தால், கோயில் பெருநாளுக்குப் போடும் அந்தோனியார் வாசாப்பில், அந்தோனியாரின் பாட்டை முதல் அடியிலிருந்து மங்களம் வரை தானே பாடுவது. ஒரு அடியும் வேறு வாயிலிருந்து வரக்கூடாது. அதுவரை முகத்தில் கத்தி படாது.

இதில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பது வாசாப்புப் பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும். வாசாப்பு என்பது மன்னார்க் கத்தோலிக்கரின் கூத்து. பொழுதுபடத் தொடங்கினால் விடியும்வரை மத்தளமும் தாளமும் பாட்டும்தான். எந்தத் தொண்டையும் அவ்வளவு நேரம் தாங்காது என்பதால் முக்கிய பாத்திரத்தை மூன்று பேராவது பங்குபோட்டு ஆடுவது எங்கள் வழக்கம். முழு அந்தோனியாரையும் ஒற்றை ஆளாகப் பாடியவர் யாரும் இல்லை. மாமா நேர்ந்த அடுத்த வருடம் பெண்பிள்ளை பிறந்தது. அந்தோனியா என்று பெயர் வைத்தார்கள். அவள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய காலத்தில் வாசாப்புக்கு நாள் குறித்தார்கள்.

நான் அப்போது முருங்கனில் புதிதாகப் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்துப் பாலம் கடந்து ஓலைத்தொடுவாய்க்கு வந்துவிடுவேன். திரைக்குப் பின்னால் நின்று ஆட்டக்காரர் மறக்கும் அடிகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. மேடையில் ஏறும் தைரியமும் குரலும் எனக்கு இல்லை என்பதால் ஊர் எனக்கு ஒதுக்கிய இடம் அது. எனக்கு அது பிடித்தும் இருந்தது.

வாசாப்பைப் பழக்கியவர் எங்கள் அண்ணாவியார். கதையைக் கட்டியவரும் அவர்தான். முதற்பாதியில் அந்தோனியார் எகிப்து நாட்டு வனத்தில், குகையில் தவம் இருப்பார். பிசாசுகள் வந்து அடித்துப் பார்க்கும். அதன் பிறகு ஒரு கப்பல் பாட்டு. எகிப்தில் ஏறிய அந்தோனியார் காற்றோடும் கடலோடும் மல்லுக்கட்டிப் இத்தாலி நாட்டுப் பதுவைப் பட்டினத்தில் இறங்குவார். அங்கே மீன்களுக்குப் பிரசங்கம் வைப்பார். விடியும் நேரத்தில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி மங்களம் பாடுவார். கேட்ட யாருக்கும் இதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு கரையில் நின்ற மனிதர் பிறகு மறு கரையில் நிற்கிறார் என்றால் இடையில் கப்பல் ஏறியிருக்கிறார், அவ்வளவுதான். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கிப் பழகிய சனத்துக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

பெருநாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்த சுவாமியார் ஒத்திகை பார்க்க வந்தார். இளம் ஆள். எங்களை விட அவர்தான் அதிகம் ரசித்தார். கதிரையின் நுனியில் இருந்து துடையில் தாளம் போட்டார். கப்பல் பாட்டை இன்னொரு முறை பாடச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு, தயங்கித் தயங்கி, அண்ணாவியாரிடம் கேட்டார்.

"அண்ணாவியார், இதில எத்தினை அந்தோனியார் வருகினம்?"

"ஒராள்தான் சுவாமி. வேற ஆர்?"

சுவாமியார் தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். எகிப்து வனத்தில் தவம் இருந்தவர் ஒருவர். பதுவைப் பட்டினத்தில் பிரசங்கம் வைத்தவர் வேறொருவர். இருவரும் புனிதர்கள், அர்ச்சியசிட்டவர்கள்தான், இருவருக்கும் பெயர் அந்தோனியார்தான், ஆனால் முன்னவர் செத்து எண்ணூறு வருடத்துக்கு மேல் கழிந்துதான் பின்னவர் பிறந்தார். தை மாதம் வரும் பெருநாள் முன்னவருக்கு, ஆனி மாதம் வருவது பின்னவருக்கு. நாங்கள் இவ்வளவு காலமும் இரண்டையும் கொண்டாடிக்கொண்டுதான் இருந்தோம். அந்தோனியார் பெரிய ஆள், வருடத்துக்கு இரண்டு பெருநாள் அவருக்குத் தகும் என்றுதான் நினைத்திருந்தோம்.

மத்தளக்காரர் மத்தளத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தார். அயல் பங்குகளிலிருந்தும் சனம் வரும், கோயில் வளவில் ஒரே ஆளின் கதையாக இதைப் போடவிட முடியாது என்றார் சுவாமியார். முழுவதையும் நிற்பாட்டத் தேவையில்லை, இரண்டு அந்தோனியாருக்கும் இரண்டு ஆட்களைப் போடுங்கள், கப்பல் பாட்டை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். அவரைப் பொறுத்தவரை அது சின்னத் திருத்தம். மாமாவின் முகம் செத்துப்போனதை அவர் கவனிக்கவில்லை. நேர்த்தியைப் பற்றி யாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் மாமாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் எந்த அந்தோனியாருக்கு நேர்ந்தனீங்கள்?" என்று கேட்டார்.

மாமா தாடியைப் பிடித்தபடி நின்றார். "எனக்கு ஒரு அந்தோனியாரைத்தான் சுவாமி தெரியும்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் மாமாவின் கோலத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பாட்டு முணுமுணுக்காமல் வலை தொடாத மனிதர், வாய் மூடிக் கடலுக்குப் போய் வாய் மூடித் திரும்பி வந்தார். பாதிப் பாட்டைப் பாடினால் பாதி நேர்த்திதான் தீரும். மிச்சப் பாதியை அந்தோனியார் எப்படி எடுத்துக்கொள்வார், அதுவும் எந்த அந்தோனியார் எடுத்துக்கொள்வார் என்று அவருக்குத் தெரியவில்லை. பிள்ளை ஒருமுறை தும்மினால் போதும், எழும்பிப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். நானும் சிரித்துப் பேசிப் பார்த்தேன், ஒன்றும் எடுபடவில்லை. அவ்வளவு பெரிய உருவம் பிள்ளையின் தும்மலுக்குப் பயந்து நின்றது.

மாமி பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பிள்ளையை இடுப்பில் இருத்தி, என்னையும் இழுத்துக்கொண்டு, சுவாமியார் தங்கும் அறைவீட்டுக்குப் போனார். அழுது மன்றாடுவார் என்று நினைத்தேன். அவர் கணக்காகப் பேசினார். பிள்ளை வந்தது உண்மை, நேர்த்தி உண்மை, இரண்டு அந்தோனியாரும் உண்மை. இப்படி எல்லாமே உண்மையாக இருக்கும்போது வழி இல்லாமல் போகுமா, உங்கள் புத்தகங்களைக் கொஞ்சம் திறந்து பாருங்கள் என்றார். சுவாமியாருக்கும் ஒத்திகை அன்றிலிருந்து மனம் சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். உடனே அலுமாரியைத் திறந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தார்.

வாசித்துக்கொண்டு போனவர் நடுவில் சிரிக்கத் தொடங்கினார். பதுவை அந்தோனியாருக்குப் பிறக்கும்போது வைத்த பெயர் அந்தோனி இல்லையாம்.

"அப்ப என்ன பெயர்?" என்றார் மாமி.

"பெர்னாண்டோ."

மாமி பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினார். "பெர்னாண்டோவோ? அப்ப எங்கட ஆள்தானே சுவாமி" என்றார்.

எங்கள் கரையில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு பெர்னாண்டோதான், மாமாவும் பெர்னாண்டோதான். சுவாமியார் சிரித்து முடித்து மிச்சத்தையும் சொன்னார். அந்தப் போர்த்துக்கல் நாட்டு இளைஞன் போய்ச் சேர்ந்த சின்ன மடம் வனத்து அந்தோனியாரின் பெயரில் இருந்ததாம். அங்கேதான் தன் பெயரை விட்டு அந்தப் பழைய தவசியின் பெயரை எடுத்துக்கொண்டாராம். இன்னொன்றும் இருந்தது. அவர் மொறோக்கோ நாட்டுக்குக் கப்பல் ஏறிப் போய், காய்ச்சலில் விழுந்து, திரும்பி வரும்போது காற்று கப்பலை இழுத்துக்கொண்டுபோய் நினையாத கரை ஒன்றில் விட்டதாம். சுவாமியார் புத்தகத்தை மூடினார். கப்பல் பாட்டை வெட்டத் தேவையில்லை, ஏறும் துறையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள் என்றார். பெயர் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்கிறது, ஆகவே ஒரே உடம்பு இருவரையும் ஆடுவதில் பிழை இல்லை, ஆனால் நடுவில் முதல் அந்தோனியார் சாகத்தான் வேண்டும் என்றார்.

இந்தச் செய்தி நாங்கள் வீடு வந்து சேருமுன் கரையெல்லாம் பரவிவிட்டது. அடுத்த நாள் பெர்னாண்டோக்கள் எல்லோரும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். அண்ணாவியார் இரவோடு இரவாக முதல் அந்தோனியாருக்கு ஒரு மரணப் பாட்டுக் கட்டினார். ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. பதுவை அந்தோனியார் மீசை தாடி இல்லாத இளைஞர். தாடி முதலாமவரின் பங்கு, அவர் செத்தவுடன் அந்தப் பங்கு தீர்ந்தது, பிறகு மழிக்கலாம் என்று சுவாமியார் தீர்ப்புச் சொன்னார். மழிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

ஆனிப் பெருநாளன்று தென்மேற்குச் சோளகக் காற்று விடாமல் அடித்தது. பெற்றோல்மாக்ஸ் விளக்குகளுக்கு ஓலை மறைப்புக் கட்டி வைத்தார்கள். மணலில் பாய் விரித்து ஊர் முழுவதும் இருந்தது. எருக்கலம்பிட்டியிலிருந்து மாமாவின் முஸ்லிம் கூட்டாளிகள் நேரத்தோடு வந்து முன்வரிசையைப் பிடித்திருந்தார்கள். மாமா பாடினார். அவர் அப்படிப் பாடி நான் முன்னமும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. வனத்து அந்தோனியார் செத்தபோது பெண்கள் முந்தானையால் கண் துடைத்தார்கள். திரைக்குப் பின்னால் வந்து விழுந்த மாமாவின் முகத்தில் நான் சவர்க்காரத்தைப் பூசிக் கத்தியை வைத்தேன். இரண்டரை வருடத் தாடி லேசில் வருமா?

வெளியே எண்ணூறு வருடத்தைக் கடத்தும் பொறுப்பு கட்டியகாரனுக்கு. அரசனின் வரவு சொல்லி, இடையில் பகிடி விட்டுச் சனத்தைச் சிரிக்க வைப்பவர் அவர். கைவசம் இருந்த பகிடியெல்லாம் தீர்ந்தும், என் கத்தி இன்னும் ஒரு கன்னத்தைக்கூடத் தாண்டவில்லை. திரைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய் மனம்போன போக்கில் எடுத்துவிட்டார். "பறங்கி வந்தான், போனான். ஒல்லாந்தன் வந்தான், போனான். வெள்ளைக்காரனும் போய் எங்கட ஆட்சியும் வந்திட்டுது. இந்த மனுசன் இன்னும் வாறார் இல்லையே!" சனம் மணலில் புரண்டு சிரித்தது. சுவாமியார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

திரை விலகி மாமா வந்தபோது ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. மூக்குவரை கடல் வெயிலில் கருகிய முகம், கீழே வெளிறிய நாடி, அதில் என் கைங்கரியமாக இரண்டு வெட்டுக் காயம். வாயைத் திறந்து கப்பல் பாட்டை எடுத்தபிறகுதான் ஆரவாரம் கிளம்பியது.

கிழக்கு வெளுக்கும் நேரம். குழந்தை இயேசுவுக்கு வழக்கமாக ஒரு பொம்மை வைப்போம். இம்முறை பிள்ளையைத்தான் கொடுக்க வேண்டும் என்று மாமி பிடிவாதமாக நின்றுவிட்டார். நித்திரையால் எழுப்பி, வெள்ளைச் சட்டை போட்டு, மாமாவின் கையில் கொடுத்தார்கள். பிறந்த நாளிலிருந்து அவள் கண்டது தாடிக்காரத் தகப்பனை. இந்த வெறும் முகத்தைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது. இதோ அழப்போகிறாள் என்று நான் நினைக்க, மாமா கடைசிப் பாட்டை எடுத்தார். குரலைக் கேட்டு அவள் அசையாமல் பார்த்தாள். கையை நீட்டி அந்த நாடியைத் தடவினாள். பிறகு, ஊர் முழுக்கக் கேட்க, "அப்பா" என்றாள்.

மாமாவின் பாட்டு அதோடு நின்றுபோனது. நான் பின்னாலிருந்து அடியை எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தேன். அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மத்தளம் மட்டும் விடாமல் நடந்தது. அப்போது மணலில் இருந்த சனம் அந்தப் பாட்டை எடுத்தது. மாதக்கணக்கில் ஒத்திகை கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அது மனப்பாடம். கிழவிகளும் பொடியன்களும் பாடினார்கள். முன்வரிசை முஸ்லிம் கூட்டாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். மங்களத்தில்தான் மாமாவின் குரல் திரும்பி வந்தது.

எல்லாம் முடிந்து சனம் மாமாவைச் சுற்றி நின்று கொண்டாட, அவர் மட்டும் மேடை ஓரத்தில் இடிந்துபோய் இருந்தார். கடைசிப் பாட்டு வேறு வாயால் வந்துவிட்டதே, நேர்த்தி தீர்ந்ததா இல்லையா என்று சுவாமியாரிடம் கேட்டார். சுவாமியார் மாமியைத் திரும்பிப் பார்த்தார். மாமி பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார்.

"இஞ்சேருங்கோ," என்றார். "நீங்கள் நேர்ந்தது ஒராளுக்கு. பாடினது ரெண்டு பேருக்கு. அவை ரெண்டு பேரும்தான் இப்ப எங்களுக்குக் கடன்பட்டிருக்கினம்."

மாமா அவரைப் பார்த்தார். பிறகு அந்த வெளிறிய நாடி ஆடச் சிரிக்கத் தொடங்கினார், கண்ணீர் வழிந்துகொண்டே சிரித்தார். அவ்வளவு மகிழ்ச்சியான ஒரு மனிதரை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

அந்தோனியா இப்போது ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வாட்டில் மூத்த தாதி. மாமாவும் மாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தையிலும் ஆனியிலும் அவள் வீட்டில் பெருநாள் சாப்பாடு, இரண்டுக்கும் நான் தவறாமல் போய்விடுவேன். போன கிழமை வாட்டில் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, ஒரு இளம் தகப்பன் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றான். பிள்ளைக்குப் பெயர் அந்தோனி என்றான். எந்த அந்தோனியார் என்று அவள் கேட்டாள். அவன் மனைவியைப் பார்த்தான், மனைவி அவனைப் பார்த்தாள். இருவருக்கும் தெரியவில்லை.

"அதுக்கென்ன," என்றாள் அந்தோனியா. "ரெண்டு பேரையும் வைச்சுக்கொள்ளுங்கோ. எங்கட வீட்டில அப்பிடித்தான்."