வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

எங்கள் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து ரப்பர் விரிப்பின் ஓரத்தைக் கால் விரலால் தூக்கினால் சாலை தெரியும். கறுப்பாக, விடாமல், உள்ளங்காலில் சூடாக அடித்துக்கொண்டு ஓடும் திருமுல்கேரிச் சாலை. மழைநாளில் குழித்தண்ணீர் அந்த ஓட்டை வழியாகச் சீறி என் வெள்ளைச் சாக்ஸை நனைத்துவிடும். "மீ கார்ல ஃப்ளோரே லேதா?" என்று பள்ளித் தோழிகள் தெலுங்கில் கேலி செய்வார்கள், உங்கள் காருக்குத் தரையே இல்லையா என்று. எனக்கு அழுகை முட்டும். அந்த ஓட்டை யாரால் வந்தது என்று மட்டும் நான் வாய் திறந்ததில்லை.

கார் வருவதற்கு முன் அப்பா மல்லாபூர் தொழிற்சாலைக்கு ஸ்கூட்டரில்தான் போய்வந்தார். ஊரின் மேற்கே கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பத் தொடங்கியிருந்த காலம். ஜல்லியும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் எல்லாத் தெருவையும் கலக்கிக்கொண்டிருந்தன. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் ஸ்கூட்டரோடு லாரிக்கடியில் போய்விட்டார். துக்கம் கேட்டுவிட்டு வந்த அம்மா, "இனி அந்த ரெட்டச் சக்கரத்துல நீங்க ஏறப்பிடாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். திருநெல்வேலிப் பிடிவாதம், லேசில் இளகாது. அப்படித்தான் யாரோ ஓட்டிக் களைத்த அந்தப் பழைய கார் எங்கள் வீட்டுக்கு வந்தது.

கார் வந்ததும் அம்மாவின் பயம் போய்விடவில்லை. பயத்துக்கு ஒரு வேலை கிடைத்தது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாசலைக் கழுவிய கையோடு காரின் கதவுகளையெல்லாம் திறந்துவைத்து, மஞ்சள் கரைத்த வாளித் தண்ணீரை உள்ளேயும் ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளிக் கழுவுவாள். "அப்பா ஏறி இறங்குத படில்லா, அதக் கழுவாம விடலாமாட்டி?" என்பாள். அந்தத் தண்ணீர்தான் அப்பாவைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவருகிறது என்று உறுதியாக நம்பினாள். நம்பிக்கையெல்லாம் சரி, தண்ணீர் எங்கே போகும்? விரிப்புக்கடியில் தேங்கித் தகரத்தைத் தின்றது.

வருஷாவருஷம் தசராவுக்கு முன்னால் நாச்சாரத்தில் மஸ்தான் பாயின் டிங்கரிங் கடைக்குக் கார் போகும். சீட்டுகளைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, அவர் சுத்தியலால் தரையைத் தட்டிக்கொண்டே வருவார். நல்ல தகரம் கணீரென்னும். துருவேறிய இடம் சொத்தென்று உள்ளே போகும். கணீரென்று கேட்கும் இடம்வரை வெட்டியெடுத்து, புதுத் தகரம் பொருத்திப் பற்றவைத்து, அடியில் தார் பூசுவார். ஒருமுறை, "யே பாரிஷ் கா பானி நை சாப், கோன் டால்ரே?" என்று கேட்டார். இது மழைத்தண்ணீர் இல்லையே, யார் ஊற்றுகிறார்கள் என்று. "பாரிஷ்தான் பாய்" என்று அப்பா சாதித்துவிட்டார். ஆட்டோவில் திரும்பும்போது என்னிடம், "அம்மாட்ட மூச்சு விடாத. அவ நிம்மதிக்கு வருஷத்துக்கு ஒரு தகரம் போனாப் போவுது" என்றார்.

நான் எட்டாவது படித்த வருஷம் கதவுகளின் அடிப்பக்கமும் உதிரத் தொடங்கியிருந்தது. இந்தத் தடவை நானும் பார்க்கிறேனே என்று அம்மாவும் கடைக்கு வந்துவிட்டாள். பாய் வஞ்சகமில்லாத மனுஷர். "அந்தர் பானி நக்கோ டாலோ அம்மா" என்று, உள்ளே தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று கும்பிடாத குறையாகச் சொல்லி, உள்ளே ஊற்றிய தண்ணீர் தின்ற தகரத்தை அப்பளம்போல் நொறுக்கிக் காட்டினார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷமும் அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை வாளி வெளியே வரவில்லை. அப்பாதான் கெஞ்சினார்: "ஊத்து செல்வி. ஓட்டை விழுந்தா அடைச்சுக்கிடலாம்."

"போதும், நான் உங்களக் காப்பாத்துன லெச்சணம்! ஓட்டத் தரையிலல்லா இத்தன நாளும் அனுப்பிருக்கேன்" என்று அழுதாள் அம்மா.

மாசி பிறப்பதற்குள் அப்பா போய்விட்டார். லாரியும் இல்லை, ரோடும் இல்லை. தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே அம்மா சொன்னாள்: "நான் நிறுத்திருக்கப்பிடாது." அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எத்தனையோ பேர் எடுத்துச் சொன்னார்கள். அப்பா சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பாள்.

கொஞ்ச நாளில் காரைப் பழைய இரும்புக்குப் போட்டோம். வாங்க வந்தவர், வாளித் தண்ணீர் நின்றுபோயிருந்த தரையை ஓங்கி மிதித்துப் பார்த்து, ஓட்டை உடைசல் எதுவும் இல்லை, "மஸ்த் ஹை அம்மா" என்று மெச்சினார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐயோ, அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு எடுத்துப் போயிருக்கக் கூடாதா!

நாச்சாரத்தில் அந்தக் கடை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. துருப்பிடித்த காரை இப்போது யார் ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள்? தள்ளிவிட்டுப் புதிது எடுக்கிறோம். என்னிடமும் ஒன்று இருக்கிறது. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை வாசலைக் கழுவுகிறாள், கோலம் போடுகிறாள், கார் பக்கம் மட்டும் வருவதில்லை. போன மாதம் மனசு கேட்காமல் நானே கதவுகளைத் திறந்துவைத்து, "ஒரு வாளி ஊத்தும்மா, ஓட்டையானா ஆகட்டும்" என்றேன்.

நான் திறந்துவைத்த கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.

"வேண்டாம்ட்டி," என்றாள். "ஊத்துனா, ஒருநா நிறுத்தணும்லா."